சுராங்கனியைப் பாடிய மனோகரன்

கல்லடி என்றவுடன் வாவியின் பாடும் மீன்களையும், யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளையும் நினைப்பது நமது வழக்கம். அடிகளார் துயிலுகின்ற சிவானந்த வித்தியாலயச் சூழலுக்கு அண்மையில், டச்பார்க் கரையோரத்தில், பிறிதொரு இசைமரபும் வாழ்ந்து வருகின்றதென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது பறங்கியரின் இசை.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைப் பறித்தனர். ஆட்சி பத்தாண்டில் முடிந்தது. மொழியும் ஆட்டமும் போகவில்லை. பறங்கியர் திருமண வீடுகளில் வயலினும் மண்டலினும் றபானும் சேர்ந்தொலிக்க, கபிரிஞ்ஞா ஆட்டம் இரவு முழுவதும் நிகழும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல் இக்குடும்பங்களுட் பலவற்றை வாரிச் சென்றது. எஞ்சியோரின் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் அண்மைக் காலத்தில் வந்து இவர்களது பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்தமை ஆறுதலளிக்கும் செய்தியாகும்.

இத்தகைய இசையோடு உறவுடையதே இலங்கை முழுவதும் பரவிய பைலா. அதனைச் சிங்களத்தில் பரப்பியவர்களுள் முதன்மையானவர், காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. மேனாட்டு மெல்லிசை நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1956இல் அமெரிக்கப் பாடகர் ஹரி பெலபொன்டேயின் கலிப்சோ இசைத்தட்டு உலகையே ஆட்டிவைத்தது. இவ்விரு அலைகளும் மோதிய கரையிலேதான் தமிழ்ப் பொப் இசை பிறந்தது எனலாம். ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் அதன் முன்னோடி; அதனைக் கடல் கடந்து கொண்டு சென்றவர் ஏ. ஈ. மனோகரன்.

1945இற் பிறந்த மனோகரன் மேடைகளிற் பாடிப் புகழ் பெற்றார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ திரைப்படத்தில் 1978இல் நடித்தார். ஆயினும் அவர் பெயரை நாட்டியது ‘சுராங்கனி’ என்னும் ஒரே பாட்டு. மங்கை ஒருத்திக்கு மீன் கொண்டுவந்த கதை. வேறு பொருளாழம் எதுவும் அதில் இல்லை. சிங்களமும் தமிழும் ஒரே அடியிற் கைகோத்து ஆடுகின்றன. வாவிக்கரை வாழ்வோருக்கு இக்கலப்புப் புதிதன்று. சாத்திரீய சங்கீத அன்பர்கள் இதனை மலிவென்று ஒதுக்குவர். குழந்தையும் கிழவரும் ஒருங்கே கைகொட்டும் பாட்டை ஆக்குவது எளிதென்று நாம் நினைக்கவில்லை.

பாட்டின் மெட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராசாவின் இசையமைப்பிற் புகுந்தது. அங்கே பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். மனோகரனோ ‘சிலோன் மனோகர்’ என்ற பெயருடன் தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாகத் தோன்றினார்! பாட்டைச் சொன்னால் எவரும் அறிவர். பாடியவரைச் சொன்னால் விழிப்பவரே அதிகம். 2018 சனவரி 22இல் அவர் சென்னையிற் காலமானார்.

மாணவ நண்பர்கள் திரைப்பாட்டையும் மனோகரனின் பழைய இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். தாளத்தைக் காலால் தட்டிக்கொண்டே கேட்டால், கபிரிஞ்ஞாவின் துள்ளல் எதில் மிகுதியென்று அவர்களே கண்டுகொள்வர்.