லேக் கார்டன்ஸ் சிஸ்டர் பாட்டி

லேக் கார்டன்ஸில் நம்மவர்கள் ‘சிஸ்டர் பாட்டி’ என்றும், அண்டை வீட்டு வங்காளிகள் ‘மாஷிமா’ என்றும் அழைத்துவந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மையார் சென்ற மாதம் காலமானார். விளம்பரம் விரும்பாதவர், ஆகவே பெயரை எழுதவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, நர்ஸ் படிப்பை முடித்து, இளம் வயதிலேயே ஹவுராவில் வந்து இறங்கியவர். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிறகு பேத்திதான் உலகம். காலையில் ரவீந்திர சரோவர் கரையில் அவள் கையைப் பிடித்து நடப்பார். எல்லாப் பாட்டிகளும் செய்வதுதான். ஆனால் எங்கள் சந்து அவரை நினைப்பது ஒரு டீஸ்பூனுக்காக.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. சியால்தாவிலிருந்து நம் லோக்கல் வண்டி போய்ச் சேரும் எல்லை ஊரான போங்காவில், நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். 100க்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, சாவு 4க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் மறைந்தார். பத்ம விபூஷண் வந்தது அடுத்த ஆண்டு!

அந்த முறை பரவுவதற்கு முன் பாட்டியின் வார்டில் ஒரு குழந்தை. உடம்பு வற்றி, ஊசி போட நரம்பே அகப்படவில்லை. “கையிலேயே போயிடுச்சு, தம்பி” என்று ஒரே ஒரு முறை சொன்னார். மேலே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பேத்திக்கு மூன்று வயதில் ஓரிரவு கடும் வயிற்றுப்போக்கு. “தண்ணி குடுத்தா இன்னும் போகுமேம்மா” என்று மகன் தடுத்தார். “போறது போகட்டும்டா, போனதை உள்ளே ஊத்தணும்” என்று பாட்டி விடியும்வரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் மெதுவாக. கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, சோர்ந்து மயங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். பொட்டலம் கிடைக்காத நேரத்துக்கு அவர் கணக்கு: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பார். டிக்கெட் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் பதறும் எனக்கே அந்தக் கண்டிப்பு அதிகமாகத் தோன்றியதுண்டு.

பதின்மூன்றாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு வங்காளிப் பெண் பதறி ஓடி வந்து, குழந்தைக்கு வயிறு சரியில்லை, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்றாள். மருமகள் வாய் திறக்குமுன், இப்போது கல்லூரியில் படிக்கும் பேத்தி, “ஆறு. தலை தட்டி” என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே டீஸ்பூனை எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.