மூச்சிலே தெரியும் நெருப்பு

விறகு எரிவதற்கும் ஓர் உயிர் வாழ்வதற்கும் என்ன தொடர்பு? இரண்டிலும் ஒட்சிசன் செலவாகிறது; காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது; வெப்பம் பிறக்கிறது. உடலினுள் எரியும் அந்நெருப்பை நாம் காண இயலாது. ஆயினும் மூச்சை அளந்தால் அதன் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

இதனை முறையாகச் செய்து காட்டியோர் பிரெஞ்சு அறிஞர்களாகிய லவோசியேயும் லப்பிளாசும் ஆவர். 1782-83 குளிர்காலத்தில், பாரிசு நகரில், கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்தனர். அறையின் வெப்பம் உட்புகாதவாறு அதனைச் சுற்றி இன்னுமொரு பனிக்கட்டி உறை. எனவே உள்ளிருந்து வடிந்த நீர் அவ்விலங்கின் வெப்பத்தால் உருகியதே. 10 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 13 அவுன்சு உருகியது. அவ்வளவு நேரத்தில் அது வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் வேறாக அளந்தனர். அதே அளவு காபனீரொட்சைட்டு உண்டாகுமாறு கரியை எரித்தால் பத்தரை அவுன்சளவே உருகும் எனக் கண்டனர். கணக்கு முற்றாகப் பொருந்தவில்லை. உணவில் காபனோடு ஐதரசனும் உண்டல்லவா? அதுவும் ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகி வெப்பந் தருகிறது. இதை லவோசியே பின்னரே கருத்திற் கொண்டார். எனினும், சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்பது அன்று தெளிவாயிற்று.

பின்னர் அவர் தம் உதவியாளர் செகேனையே பரிசோதனைக்கு உட்படுத்தினார். குளிரிலும், உணவுண்டபின்னும், பாரந் தூக்கும்போதும் ஒட்சிசன் செலவு கூடியது. 1789இல் இதனை எழுதுகையில் லவோசியே ஒரு கேள்வியையும் எழுப்பினார்: உழைக்கும் ஏழையின் உடலே அதிகம் செலவிடுகிறது, அவ்வாறிருக்க, உழையாத செல்வனிடம் உணவு மிகுந்திருப்பது ஏன்? ஒரு வாயுவை அளந்தவர் இவ்விடம் வந்து சேர்ந்தது எனக்குப் பெருவியப்பு. இரவு வேலை முடித்து வந்து, உறங்காமல் உங்களை இங்கு அழைத்து வரும் பெற்றோர் இக்கேள்வியை நன்கறிவர். வரி அறவிடும் நிறுவனத்திற் பங்கு கொண்டிருந்தமையால், 1794 மே மாதத்தில் புரட்சி அரசு அவரது தலையைத் துண்டித்தது.

இன்று பனிக்கட்டி தேவையில்லை. விலங்கை ஒரு பெட்டியில் இருத்தி, அதனூடே காற்றைச் செலுத்துவர். உட்செல்லும் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். வெளிவருவதில் 20.4 வீதம் என்றும், நிமிடத்திற்கு 10 இலீற்றர் காற்று ஓடுகிறது என்றும் கொள்வோம். செலவான ஒட்சிசன் 0.05 இலீற்றர். எவ்வுணவை எரித்தாலும் ஓர் இலீற்றர் ஒட்சிசனுக்கு ஏறத்தாழ 20 கிலோயூல் சக்தி கிடைக்கும். ஆகவே செலவு நிமிடத்திற்கு 1 கிலோயூல். படுத்திருக்கும் ஒரு சிறு நாய்க்கு இது பொருத்தமான அளவே.

வெளிவரும் காபனீரொட்சைட்டை, செலவான ஒட்சிசனால் வகுத்தால் எரிந்த பொருளும் தெரியும். மாப்பொருளாயின் விடை 1, கொழுப்பாயின் 0.7 அளவு. பட்டினி கிடக்கும் விலங்கில் இவ்விடை 0.7ஐ நோக்கி இறங்கும். (பசுவிடம் இக்கணக்கு இலகுவன்று. அதன் இரைப்பையில் நொதித்தலாலும் காபனீரொட்சைட்டும் மெதேனும் உண்டாகின்றன.)

இம்முறை தந்த விடைகளில் என்னை மிகவும் கவர்ந்தது கங்காருவினுடையது. வேகம் கூடினால் செலவும் கூடும் என்பதே நாம் எதிர்பார்ப்பது. 1973இல் டோசன், டெயிலர் என்னும் ஆய்வாளர் சிவப்புக் கங்காருக்களை நகரும் பட்டியின்மீது செல்லப் பழக்கி, அவற்றின் மூச்சை அளந்து வெளியிட்டனர். வாலையும் ஊன்றி மெதுவாக நகர்கையில் செலவு விரைந்து ஏறியது. துள்ளத் தொடங்கியதும் ஏற்றம் நின்றது. வேகம் கூடக்கூடச் செலவு சற்றுக் குறையவுஞ் செய்தது! பின்னங்கால்களின் நீண்ட தசைநாண்கள், நிலத்தில் இறங்கும்போது இறப்பர் போல நீண்டு சக்தியைச் சேமித்து, அடுத்த துள்ளலுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன.