செட்டில் கேட்கும் கூவல் எங்கிருந்து வருகிறது

சங்ககிரியின் லாரிகளும், திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளும், நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும் சேர்ந்து, 1997இல் பிரிக்கப்படும்வரை ஒரே சேலம் மாவட்டமாக இருந்த சமவெளியை வண்டித் தொழிலின் நிலமாக ஆக்கியிருக்கின்றன. வாரக்கணக்கில் வடமாநிலங்களுக்குச் சென்று திரும்பும் ஓட்டுநருக்கு லாரியின் கேபினே வீடாகவும் இருக்கிறது. அந்த வீட்டில் இரவெல்லாம் துணைக்கு இருப்பது டாஷ்போர்டில் பொருத்திய பாட்டு செட் ஒன்றுதான். எனவே பாட்டின் அடியில் விடாமல் ஒலிக்கும் ‘வீங்’ என்ற கூவலையோ ‘உஸ்’ என்ற இரைச்சலையோ அற்பத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. காரிலும் லாரியிலும் இத்தகைய இரைச்சல் எழுந்தால் செட்டே கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்குவோர் பலர்; புதிய செட்டிலும் அதே கூவல் கேட்கும்போதுதான் குறை அதனுள் இல்லை என்பது புலப்படுகிறது.

எஞ்சினின் வேகத்தோடு ஏறியிறங்கும் கூவலின் பிறப்பிடம், பட்டறை வழக்கில் இன்றும் டைனமோ என்றே அழைக்கப்படும் ஆல்டர்னேட்டர். அது உண்டாக்குவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் டயோடு என்னும் சிறு உறுப்புகள் ஆறு சேர்ந்து பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் அதில் மெல்லிய அலையொன்று எஞ்சி நிற்கிறது. பன்னிரண்டு துருவங்கள் கொண்ட டைனமோ ஒரு சுற்றுக்கு 36 அலைகளை எழுப்புவதால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் விநாடிக்கு 1,800 அலைகளும், 5,000 சுற்றில் 3,000 அலைகளும் எழுகின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வுகளை என்பதால், அளவில் மிகச் சிறிய அந்த அலைகூடக் காதில் ஊசியாய்க் குத்துகிறது. டயோடுகளில் ஒன்று பழுதானால் அலை பெரிதாகிவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்க்கையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், செட்டை விட்டுவிட்டு டைனமோவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டைனமோ நன்றாக இருந்தும் கூவல் கேட்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் எர்த். வண்டியில் பேட்டரியின் மைனஸ் முனை சேஸிஸோடும் பாடியோடும் இணைக்கப்படுவதால், பாடியே மின்சாரம் திரும்பிவரும் பாதையாகப் பயன்படுகிறது. அந்த இணைப்பையே எர்த் என்கிறார்கள். செட்டுக்கு டாஷ்போர்டுக்குள் ஓர் எர்த்தும், செட்டிலிருந்து வரும் மெல்லிய ஒலி அலையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையருக்கு டிக்கியில் இன்னோர் எர்த்தும் கொடுக்கப்படும்போது, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆம்ப் 20 ஆம்பியர் இழுக்கும்போது அதன் எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கே 0.4 வோல்ட் மேடு எழும்பிவிடுகிறது. செட்டிலிருந்து ஆம்புக்குச் செல்லும் ஒலி அலையே பொதுவாக 2 வோல்ட் அளவுதான் என்பதை இதனோடு ஒப்பிட்டால் கேட்டின் அளவு விளங்கும். அந்த மேடு டைனமோவின் அலையோடு சேர்ந்து ஆடுகையில், இரு எர்த்துகளுக்கும் இடையே ஒலி ஒயரின் உலோக மேலுறை வழியாக ஒரு மின்னோட்டம் சுற்றத் தொடங்குகிறது. பாட்டு செல்ல வேண்டிய பாதையில் டைனமோவும் ஏறிக்கொள்கிறது. இதுவே எர்த் சுழல் எனப்படுவது.

இதன் கண்கூடான வடிவத்தை ஒரு போல்ட்டிலேயே காணலாம். பெயின்ட்டின் மேல் வளையத்தை வைத்து முடுக்கிய எர்த், வெளிப்பார்வைக்கு இறுக்கமாகத்தான் தெரியும்; கழற்றிப் பார்த்தால் வளையத்தின் அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும், மின்சாரமோ போல்ட்டின் மரையைப் பிடித்துக்கொண்டு துருவின் வழியே திணறி ஓடியிருக்கும். வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவி மூடுவதற்குப் பத்து நிமிடம் போதும். பாட்டை உரக்க ஓடவிட்டு, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே மீட்டரில் பார்த்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது நல்ல எர்த்தின் அடையாளம். மரச்சட்டமும் தகடும் கலந்து கட்டிய பழைய பாணிக் கேபின்களில் இன்னும் கவனம் வேண்டும். மரத்தில் இறங்கிய ஸ்க்ரூ எதற்கும் எர்த் ஆகாது என்பதோடு, தகடும் சேஸிஸைத் தொடாமல் ரப்பர் கட்டையின் மேல் மிதந்துகொண்டிருக்கக்கூடும். அங்கே சேஸிஸ்வரை தனி ஒயர் இழுப்பதே சரியான வழி.

லாரிக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. காரில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று. கனரக லாரியிலோ அத்தகைய இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கார் செட்டை லாரியில் மாட்டுவதற்கு இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுக்கும் பழக்கம் எளிதாகத் தோன்றினாலும், அந்தப் பேட்டரி எப்போதும் குறைச்சார்ஜிலும் மற்றது மிகைச்சார்ஜிலும் கிடந்து, ஒன்று சீக்கிரம் செத்துப்போக, மற்றதில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். சிக்கனம் என்று நினைத்துச் செய்யப்படும் இந்த வேலையால் இழப்புதான் மிஞ்சுகிறது. அதற்கு மாற்றான கன்வர்ட்டர், 24 வோல்ட்டை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி 12 வோல்ட் ஆக்கும் கருவி. வெட்டும் வேகத்தில் எழும் மின் சிதறலை வடிகட்டும் காயிலும் கண்டன்சரும் மலிவான கன்வர்ட்டர்களில் போதிய அளவு இருப்பதில்லை என்பதால், ரேடியோவில் ‘கரகர’ ஒலி புகுந்துவிடுகிறது. தரையில் வைத்த தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செட்டுக்குச் சற்று நேரம் மின்சாரம் கொடுத்துப் பார்த்து, இரைச்சல் நின்றுவிட்டால், குற்றவாளி கன்வர்ட்டர் அல்லது அதற்கு வரும் லைன் என்று உறுதிசெய்யலாம்.

இரைச்சலைத் தேடுவதில் திறமை என்பது ஒவ்வோர் உறுப்பாக விலக்கிக்கொண்டே வரும் பொறுமைதான். எஞ்சினை நிறுத்திச் செட்டை மட்டும் ஓடவிட்டும் இரைச்சல் கேட்டால் டைனமோ குற்றமற்றது. வால்யூமை முழுவதும் குறைத்தும் கூவல் அளவு மாறாமல் கேட்டால், அது செட்டைத் தாண்டிய பிறகே, ஒலி ஒயரிலோ ஆம்பிலோ புகுகிறது. வால்யூமோடு சேர்ந்து ஏறினால் செட்டுக்கு முன்னாலேயே புகுந்துவிட்டது. ரேடியோவில் மட்டும் கேட்டு மற்றவற்றில் கேட்காவிட்டால் ஏரியலையும் அதன் எர்த்தையும் பார்க்க வேண்டும். ஒலி ஒயரை ஆம்பிலிருந்து கழற்றியதும் அமைதியானால் ஆம்ப் நல்லது. அதன்பின் சார்ஜரில் மாட்டாத மொபைல் ஒன்றை அதே ஆம்பில் இணைத்துப் பாட விட, அது தெளிவாகப் பாடினால் செட்டின் எர்த்தையோ ஒலி ஒயரையோ சந்தேகிக்கலாம். மின்சாரம் ஓடும்போது அந்த ஒயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. சில செட்டுகளின் உள்ளே ஒலி எர்த்துக்கென்று இருக்கும் நூலிழை போன்ற பியூஸ் அதில் கருகிவிட்டால், முன்பு இல்லாத கூவலும் புதிதாகச் சேர்ந்துகொள்ளும்.

எல்லா இரைச்சலும் டைனமோவினுடையதன்று. எஞ்சின் நின்றாலும் ஒரே அளவில் தொடரும் ‘உஸ்’ பெரும்பாலும் ஆம்பின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, தேவைக்கு மேல் திருகி வைத்ததால் வருவது. வாங்கிய ஆம்பின் முழு வலுவையும் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் செய்யப்படும் இந்தத் தவறைக் கெயினைக் குறைத்தாலே தீர்த்துவிடலாம். பெட்ரோல் காரில் ‘டிக் டிக்’ என்று எஞ்சினோடு வேகமெடுப்பது ஸ்பார்க் பிளக்கின் பொறி. பிளக்கே இல்லாத டீசல் லாரியில் அதைத் தேட வேண்டியதில்லை. அழைப்பு வருவதற்குச் சற்று முன் கேட்கும் ‘டர்ர்’ ஒலி 2ஜி இணைப்பில் இயங்கும் மொபைல் விநாடிக்கு 217 முறை அலையை விட்டுவிட்டு அனுப்புவதன் எதிரொலி, ஜி.பி.எஸ். கருவிக்குள் 2ஜி சிம் இருந்தால் அதனாலும் இது நேரலாம். அலங்கார எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அவற்றின் பங்கும் தெரிந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் எர்த் ஐசொலேட்டர், உள்ளே உள்ள சிறு டிரான்ஸ்பார்மரின் வழியாக ஒலியை மட்டும் கடத்தி எர்த் சுழலை வெட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் மலிவானவற்றில் தவிலின் தொப்பிப் பக்கத்து அதிர்வைப் போன்ற கீழ்ச்சுருதிகள் மெலிந்துபோவதால், எர்த்தைச் சரிசெய்ய முடியாத இடத்தில் மட்டும் அதை நாடுவது நல்லது. பவர் ஒயரை ஒரு பக்கமாகவும் ஒலி ஒயரை மறுபக்கமாகவும் ஓட்டி, குறுக்கிட நேரும் இடத்தில் மட்டும் செங்குத்தாகக் கடக்கவிடுவதும், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைப்பதும் அதைவிட மேலான காப்புகள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கண்ணாடி ஏற்றிய கேபினில் காற்றும் சாலையும் எழுப்பும் ஓசை குறைந்துவிடும் என்பதால், அந்த ஓசையில் இதுவரை மறைந்திருந்த மெல்லிய கூவல்கூட இனித் தெளிவாகக் கேட்கும். எனவே பட்டறையில் கட்டப்படும் கேபினின் உட்பக்கம் பிளைவுட் அடித்து மூடுவதற்கு முன்பே, தகடு வெறுமையாகத் தெரியும் அந்தச் சில நாட்களில், செட்டின் ஒயர் எந்தப் பக்கம் செல்ல வேண்டும், எர்த் எந்தப் போல்ட்டில் இறங்க வேண்டும் என்று உரிமையாளரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து நின்று குறித்துவிடலாம்.