பின் டயரை மாற்றுவோம்

சிறுவர்கள் ஓட்டும் மின் மோட்டார் சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய வண்டியின் சிறிய உருவம் அது. கைப்பிடியை முறுக்கினால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து மோட்டார் சுழலும். அச்சுழற்சியைச் சங்கிலி பின் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும். இவ்வண்டி மைதானத்தில் ஓட்டுவதற்கு உரியது. சாலையில் ஓட்டுதல் கூடாது.

ராஜஸ்தானில் எங்கள் பள்ளிக் குடியிருப்பில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இத்தகைய வண்டி உண்டு. ஒருநாள் வளைவில் திரும்பும்போது வண்டி வழுக்கியது. அவள் முழங்கையில் சிராய்ப்புடன் எழுந்தாள். பின் டயரைத் தடவிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. தரையைப் பற்றிக்கொள்ளும் மேடுபள்ளங்கள் முற்றிலும் தேய்ந்திருந்தன. முன் டயரோ புதிதுபோல் இருந்தது.

பின் டயர் மட்டும் விரைந்து தேய்வது ஏன்? வண்டியை உந்தித் தள்ளுவது பின் சக்கரம். ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவதும் அதுவே. சிறிய வண்டிகள் பலவற்றில் பிரேக்கும் பின் சக்கரத்தில்தான் அமைந்திருக்கும். டயரின் உள்நூல் வெளியே தெரிந்தாலும், பக்கங்களில் வெடிப்பு இருந்தாலும் அதனை உடனே மாற்றவேண்டும்.

மாணவியின் தந்தை அன்று மாலையே பழுதுபார்க்க அமர்ந்தார். அவர் சங்கிலியைத் தொடக் கை நீட்டிய வேளையில், அவளுடைய தம்பி விளையாட்டாகக் கைப்பிடியை முறுக்கினான். சக்கரம் விர்ரெனச் சுழன்றது. நல்வாய்ப்பாக விரல் சிக்கவில்லை. பெட்ரோல் வண்டியின் இயந்திரம் ஓடும்போது அதன் ஓசையே நம்மை எச்சரிக்கும். மின் வண்டியோ ஓசையின்றி விழித்திருக்கும். ஆகவே, முதல் வேலை டயரைக் கழற்றுவது அன்று, மின்சாரத்தைத் துண்டிப்பதே. சார்ஜரை அகற்றி, சாவியை அணைத்து, பேட்டரியின் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும்.

அடுத்து, பழைய டயரின் பக்கத்தில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். 12½ × 2.75 என்றிருந்தால், முதல் எண் டயரின் குறுக்களவையும் அடுத்த எண் அகலத்தையும் ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும். அதே அளவுள்ள டயரையும் டியூபையும் வாங்க வேண்டும்.

இனி, பின்பகுதியை உயர்த்தி, வண்டி சாயாதவாறு நிறுத்துக. அச்சின் இருபுறமும் உள்ள நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளினால் சங்கிலி தளரும். அதனைப் பற்சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிரேக்கின் இணைப்பையும் விடுவித்தால் சக்கரம் வெளியே வரும். நட்டு, வாஷர் முதலியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தல் நன்று.

வால்வை அழுத்திக் காற்றை முழுவதும் வெளியேற்றுக. சில வண்டிகளில் ரிம் இரு பாதிகளாகப் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். காற்று சிறிதும் இல்லாத நிலையிலேயே அந்தப் போல்ட்டுகளைக் கழற்றவேண்டும். மற்றவற்றில் நெம்புகோலால் டயரின் விளிம்பைச் சிறிது சிறிதாக வெளியே எடுக்கலாம்.

பழைய டயரின் உட்புறத்தைச் சோதித்தபோது ஒரு முள் தைத்திருந்தது. இங்கே ‘விலாயதி பபூல்’ என அழைக்கப்படும் மரத்தின் முள் அது. தமிழ்நாட்டில் நாம் சீமைக்கருவேலம் என்பது அம்மரத்தையே. இத்தகைய முள் ரிம்மில் கிடந்தால் புதிய டியூபும் பழுதாகும். எனவே ரிம்மைத் துடைத்துத் தூய்மை செய்க.

புதிய டியூபில் சிறிது காற்றடைத்து டயருக்குள் வைத்தால் அது முறுக்கிக்கொள்ளாது. டயரில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதன்படி பொருத்துக. பக்கத்தில் பொறித்துள்ள அழுத்த அளவுக்கு மேல் காற்றடைக்கக் கூடாது.

சக்கரத்தை மீண்டும் பூட்டும்போது இரு பற்சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். சங்கிலியின் நடுப்பகுதி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசையும் அளவுக்குத் தளர்வு தேவை. நட்டுகளை இறுக்கி, பிரேக்கைச் சோதித்த பின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும். முதல் ஓட்டம் தலைக்கவசத்துடன் மெதுவாக அமையட்டும்.

சில மாதங்களுக்குப்பின் அதே வண்டியின் சங்கிலியைச் சரிசெய்யத் தந்தை அமர்ந்தார். மாணவி ஸ்பானரை உடனே கொடுக்கவில்லை. “பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டீர்களா, அப்பா?” என்று கேட்டாள். அவர் எழுந்து சென்று பிரித்துவிட்டு வந்தார்.

வினாக்கள்
1. பின் டயர் விரைந்து தேய்வதற்குரிய காரணங்கள் யாவை?
2. ‘மின் வண்டி ஓசையின்றி விழித்திருக்கும்’ – விளக்குக.
3. உங்கள் வீட்டில் நடந்த பழுதுபார்க்கும் பணி ஒன்றை வரிசைமுறையாக எழுதுக.