பழங்குடித் தொழில் முனைவோரின் திட்டங்களை மதிப்பிடுதல்

2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் பட்டியல் பழங்குடியினரின் எண்ணிக்கை 10.43 கோடி. மொத்த மக்கள் தொகையில் இது 8.6 சதவிகிதமாகும். இவர்களுள் பத்தில் ஒன்பது பேர் கிராமங்களில் வாழ்கின்றனர். இம்மக்களின் பொருளாதார முன்னேற்றம் பற்றிய சிந்தனை நெடுங்காலம் கூட்டுறவையே மையமாகக் கொண்டிருந்தது. 1956 இல் ஆந்திரத்தில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அமைந்தது. 1971 இல் பாவா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பழங்குடிப் பகுதிகளில் பெரிய பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1987 இல் ‘டிரைஃபெட்’ எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவு விற்பனை இணையம் நிறுவப்பட்டது. இவை ஆற்றிய பணி சிறிதன்று. எனினும் இவ்வமைப்புகளில் பழங்குடி மக்கள் பெரும்பாலும் பொருளைச் சேகரித்துக் கொணர்ந்து கொடுப்பவர்களாகவே இருந்தனர். விலை கூறியவர்கள் வேறு.

அண்மைக் காலத்தில் இந்நோக்கு மாறியுள்ளது. பழங்குடியினரே தொழிலின் உடைமையாளராக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றிருக்கிறது. 2012 ஆம் ஆண்டு அரசுக் கொள்முதல் ஆணை, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள்களில் 4 சதவிகிதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் எனக் குறித்தது. 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜப்பூரில் முதல் வன்தன் மையம் தொடங்கப்பட்டது. இவற்றின் தொடர்ச்சியாகவே தொழில் திட்டப் போட்டிகள் வந்திருக்கின்றன. 2025 நவம்பரில் புதுதில்லியில் கூடிய பழங்குடியினர் வணிக மாநாட்டிலும், இளம் தொழில் முனைவோர் முதலீட்டாளர்கள் முன்னிலையில் தங்கள் திட்டங்களை எடுத்துரைக்கும் அமர்வு ஒன்று இடம் பெற்றது.

இத்தகைய போட்டியில் நடுவர்களாக அமர்பவர்கள் பெரும்பாலும் வங்கி அதிகாரிகள், துறை அலுவலர்கள், பேராசிரியர்கள், முதலீட்டாளர்கள் ஆகியோரே. அவர்கள் கையில் தரப்படும் மதிப்பெண் தாள் பெருநகரப் போட்டிகளிலிருந்து பெயர்த்தெடுத்தது. கருத்தின் புதுமை, சந்தையின் பரப்பு, விரைவில் விரியும் ஆற்றல், எடுத்துரைக்கும் திறன் என்று அதில் தலைப்புகள் இருக்கும். இத்தாளைக் கொண்டு அரக்கு, புளி, மஞ்சள், தேன் ஆகியவற்றைச் சார்ந்த ஒரு தொழிலை அளந்தால் நல்ல திட்டம் கீழே இறங்குவதும், நயமாகப் பேசப்பட்ட திட்டம் மேலே ஏறுவதும் இயல்பாகிவிடுகிறது. பரிசுத் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் போட்டியில் கிடைத்த இடத்தைக் காட்டியே பின்னர் வங்கியில் விண்ணப்பம் செய்யப்படுகிறது. ஆதலால் மதிப்பெண் தாளில் நேரும் பிழை அரங்கத்தோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் மொழியை எடுத்துக்கொள்ளலாம். 2003 ஆம் ஆண்டின் 92 ஆவது திருத்தத்தால் சந்தாலி, போடோ ஆகிய மொழிகள் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தன. கோண்டி, குடுக், முண்டாரி முதலியவை அதில் இல்லை. ஒரு முண்டாப் பெண் தன் தொழிலை இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஐந்து நிமிடத்தில் விளக்க வேண்டும் என்பது, தொழிலோடு தொடர்பில்லாத ஒரு தேர்வையும் சேர்த்து எழுதச் சொல்வதாகும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தி நேரத்தை இரட்டிப்பாக்கினால் செலவு அதிகமில்லை. எடுத்துரைக்கும் திறனுக்கு 20 மதிப்பெண் ஒதுக்கும் குழு, அந்த இருபதையும் கேள்விகளுக்குத் தரப்படும் விடைகளுக்கு மாற்றிவிடுவது நலம்.

பருவமும் பணமும்

வனப் பொருள் சார்ந்த தொழிலில் நடுவர் முதன்மையாகக் கேட்க வேண்டியது இலாபம் எவ்வளவு என்பதன்று. எந்த மாதத்தில் எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்பதே. இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். கீழ்வரும் விலைகள் விளக்கத்திற்காகக் கொண்டவையே.

பஸ்தார்ப் பகுதி மகளிர் குழு ஒன்று 10 டன் புளியம்பழம் வாங்கி, ஓடும் விதையும் நீக்கி, கட்டிகளாக விற்க எண்ணுகிறது என்று கொள்வோம். பழத்தில் சதைப்பற்று சுமார் 55 சதவிகிதம். விதை 34 சதவிகிதம். எஞ்சியது ஓடும் நாரும். கிலோ 30 ரூபாய் வீதம் பழத்திற்கு 3 லட்சம் ரூபாய். கிடைக்கும் புளி 5,500 கிலோ. விதை நீக்கும் கூலி கிலோவுக்கு 10 ரூபாயும், கட்டுதல், ஏற்றுதல் முதலியவற்றிற்கு 8 ரூபாயும் சேர்த்தால் மொத்தச் செலவு 3,99,000 ரூபாய். கிலோ 90 ரூபாய்க்கு விற்றால் வரவு 4,95,000 ரூபாய். மிச்சம் 96,000 ரூபாய். விண்ணப்பத்தில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் புளி பருவ காலத்தில், இரண்டு மூன்று மாதங்களுக்குள், வாரச் சந்தைக்கு வருகிறது. விற்பனையோ ஆண்டு முழுவதும் நடக்கிறது. சராசரியாக 2 லட்சம் ரூபாய் ஒன்பது மாதம் முடங்கிக் கிடந்தால், 12 சதவிகித வட்டியில் 18,000 ரூபாய் போய்விடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் புளி கறுக்கும். 500 கிலோ அவ்வாறு கறுத்துப் பாதி விலைக்குப் போனால் மேலும் 22,500 ரூபாய் இழப்பு. மிச்சம் 55,500 ரூபாயாகச் சுருங்குகிறது. மறுபுறம், 3,400 கிலோ விதையை விண்ணப்பதாரர் கணக்கில் சேர்க்க மறந்திருப்பார். அவ்விதையின் பருப்பு மாவு நெசவாலைகளில் கஞ்சியிடப் பயன்படுவது. கிலோ 5 ரூபாய்க்கு விற்றாலும் 17,000 ரூபாய் வரும். ஆக, திட்டம் நிற்கக்கூடியதுதான். ஆனால் அது நிற்பது இயந்திரத்தால் அன்று. பருவத் தொடக்கத்தில் ரொக்கமாகக் கையில் இருக்கும் 3 லட்சம் ரூபாயால்.

இயந்திரத்திற்குத் தவணைக் கடன் கிடைத்து, கொள்முதலுக்குரிய நடைமுறை மூலதனம் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் கொட்டகைகளை மாவட்ட அலுவலர்கள் நன்கு அறிவர். இன்னொன்றும் உண்டு. சேகரிப்போர் பலர் முன்பணம் வாங்கி வியாபாரிக்குக் கட்டுப்பட்டிருப்பர். அவர்கள் பொருள் பருவத்திற்கு முன்பே விலை போய்விட்டது. ‘உங்கள் ஊரில் எத்தனை குடும்பங்கள் வியாபாரிக்குக் கடன்பட்டுள்ளன?’ என்ற கேள்விக்கு உடனே விடை கூறக்கூடிய போட்டியாளர் தன் தொழிலை அறிந்தவர் என நம்பலாம். சந்தைப் பரப்பு இத்தனை ஆயிரம் கோடி என்று படம் காட்டுபவரிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அரக்கிலும் இவ்வாறே. ஜார்க்கண்டில் பலாசு, இலந்தை மரங்களில் வளர்வது ரங்கீனி வகை. குசும் மரத்தில் வளர்வது குசுமி வகை. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இருமுறை விளைவது. அரக்கு ஆலைக்கான திட்டத்தைவிட, அடுத்த பருவத்திற்கு வேண்டிய விதை அரக்கு எங்கிருந்து வரும் என்பதற்கு விடை கூறும் சிறு திட்டம் மதிப்புடையதாக இருக்கக்கூடும்.

பிணை என்னும் முட்டுக்கட்டை

‘உங்களிடம் என்ன சொத்து உள்ளது?’ என்பது வங்கியாளர் வழக்கமாகக் கேட்பது. பழங்குடியினரைப் பொறுத்தவரை இதற்கான விடையைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1908 ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் சந்தால் பர்கனாச் சட்டமும், ஆந்திரத்தின் 1959 ஆம் ஆண்டு நில மாற்று ஒழுங்குமுறையும் பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கின்றன. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் நிலம் வாரிசுகளுக்குச் செல்லும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. இத்தடைகள் இன்றியமையாதவை. இவை இல்லாதிருந்தால் எஞ்சிய நிலமும் எப்போதோ போயிருக்கும். அரசு ஒருவரைக் காக்கும் பொருட்டு இட்ட வேலியையே காரணம் காட்டி அவருக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமன்று.

பிணையின்றிக் கடன் தர வழிகளும் உள. 2000 இல் சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி அமைந்தது. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கலாகாது என 2010 இல் ரிசர்வ் வங்கி பணித்தது. ஆகவே ‘சொத்து என்ன?’ என்ற கேள்வியின் இடத்தில், ‘சுயஉதவிக் குழுவில் எத்தனை ஆண்டுகள் சேமித்தீர்கள், எத்தனை முறை கடன் வாங்கித் திருப்பினீர்கள்?’ என்ற கேள்வி வர வேண்டும். அதற்கான ஏடு கிராமத்திலேயே இருக்கிறது.

தொழில் யாருடையது, அறிவு யாருடையது

2016 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடைமுறையில் இருந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டத்தில், கூட்டு நிறுவனமாயின் 51 சதவிகிதப் பங்கு பழங்குடியினரிடமோ, பட்டியல் சாதியினரிடமோ, பெண்ணிடமோ இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. போட்டிகளிலும் இத்தகைய விதியே பின்பற்றத்தக்கது. ஆனால் பங்கு என்பது தாளில் இருப்பது. பெயர் ஒருவருடையதாகவும், பணமும் முடிவும் மற்றொருவருடையதாகவும் இருக்கும் தொழில்கள் உண்டு. வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், கொள்முதல் விலையைத் தீர்மானித்தவர் யார், பங்குதாரர் விலகினால் இயந்திரம் எவரிடம் தங்கும் என்ற மூன்று கேள்விகளைப் போட்டியாளரிடம் தனியே கேட்டால் உண்மை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மேடையில் அனைவர் முன்னும் இவற்றைக் கேட்பது அவரை அவமதிப்பதாகும்.

இதனினும் நுட்பமானது அறிவின் உரிமை. 1987 இல் கேரளத்தின் அகத்தியர் மலைப்பகுதிக்குச் சென்ற ஆய்வாளர்கள், உடன் வந்த காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் காய்களை உண்டு சோர்வின்றி நடந்ததைக் கண்டனர். ‘ஆரோக்கியப்பச்சை’ எனப்படும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்திலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995 இல் ஒரு நிறுவனத்திற்கு அதன் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவிகிதத்திற்கும் வழங்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, 1997 இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. நாடாளுமன்றம் 2002 இல் பல்லுயிர்ச் சட்டத்தை இயற்றுவதற்கு முன்பே நிகழ்ந்த ஏற்பாடு இது.

அக்காய்களை அறிந்த ஓர் இளைஞர் இன்று போட்டி மேடையேறினால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம். செடியின் பெயர், பக்குவம், பயன் அனைத்தையும் முதலீட்டாளர்கள் நிறைந்த அரங்கில் அவர் சொல்லியாக வேண்டும். சொன்னால் மதிப்பெண் கிடைக்கும், அறிவு கைநழுவும். அதுவும் அவர் ஒருவருடைய அறிவன்று, ஒரு சமூகத்தினுடையது. ஆகவே நடுவர்களும் பார்வையாளர்களும் இரகசியக் காப்பு உறுதிமொழியில் முன்னதாகவே கையெழுத்திட வேண்டும். ‘பக்குவ முறையை இங்கே சொல்ல இயலாது’ என்று போட்டியாளர் மறுப்பதைக் குறைபாடாகக் கொள்ளலாகாது. கிராம சபை இத்தொழிலை அறியுமா, அதற்குப் பங்கு உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வளர்ச்சியைப் பற்றி ஒரு சொல். மேகாலயத்தின் ஜெயந்தியா மலைகளில் விளையும் லகாடாங் மஞ்சளில் குர்குமின் சுமார் 7 சதவிகிதம். சாதாரண மஞ்சளில் இதன் பாதியும் இருப்பதில்லை. இம்மஞ்சளைப் பெண் உழவர்களிடையே பரப்பிய ஆசிரியை திரினிட்டி சாயூவுக்கு 2020 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இம்மஞ்சளின் சிறப்பு அம்மலை மண்ணோடு பிணைந்தது. இத்தகைய பொருளைக் கொண்டு வருபவரிடம் ‘ஐந்தாண்டில் பத்து மடங்காவது எப்படி?’ என்று கேட்டால், பிற இடத்து மஞ்சளைக் கலக்கத் தூண்டுவதாகவே முடியும். அளவு கூடாமல் விலை கூடுவதும் வளர்ச்சிதான். சேகரிப்பவருக்கும் பயிரிடுபவருக்கும் விற்பனை விலையில் ரூபாய்க்கு எத்தனை காசு சேர்கிறது என்ற எண்ணை மதிப்பெண் தாளின் தலைப்பிலேயே வைக்கலாம்.

பரிசு வழங்கும் காலமும் பொருட்படுத்தத்தக்கது. நவம்பரில் அறிவிக்கப்பட்ட தொகை ஜூனில் கைக்கு வந்தால், மார்ச், ஏப்ரலில் உதிரும் மகுவாப் பூவை நம்பிய தொழிலுக்கு ஓராண்டு வீணாகிறது. முதல் தவணையைப் பருவத்திற்கு ஒரு மாதம் முன்பும், இரண்டாவது தவணையைக் கொள்முதல் ஏட்டைப் பார்த்த பின்பும் கொடுக்கலாம். அந்த ஏட்டைப் பார்க்க நடுவர்களுள் ஒருவரேனும், சந்தை கூடும் நாளில், அவ்வூருக்குச் சென்று வர வேண்டும்.