இரும்பின் தடம் – 12: ஆறு அறை, ஒரு குழல்

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வாள்களும் ஈட்டிகளும் முனை கீழ்நோக்கிச் செருகிய நிலையில் கிடந்ததைப் போன வாரம் பார்த்தோம். அவற்றில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. கூர் இருக்கிறதா, பிடி உறுதியா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

அங்கிருந்து வடக்கே மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ரிவால்வரால் என்றே பலர் இன்றும் சொல்கிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும்; சுழலும் சிலிண்டர் இல்லை. ரிவால்வரின் பலமும் தொல்லையும் அந்தச் சிலிண்டரில்தான் இருக்கின்றன.

பிஸ்டலில் தோட்டா அறை குழலோடு ஒன்றாகவே இருக்கும். ரிவால்வரிலோ ஆறு அறைகள் தனியாகச் சுழன்று, ஒவ்வொன்றாகக் குழலின் வாய்க்கு நேரே வந்து நிற்க வேண்டும். விசையை இழுக்கும்போது ஒரு சின்ன இரும்புக் கை சிலிண்டரின் பின்பக்கப் பல்லைத் தள்ளிச் சுழற்றுகிறது. அறை நேரே வந்ததும் அடியிலிருந்து ஒரு கொண்டி எழும்பி, சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. அதற்குப் பிறகே சுத்தி அடிக்க வேண்டும். கொண்டி விழுமுன் சுத்தி அடித்தால், குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே ஆபத்து.

2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ஞாபகம் இருக்கலாம். டெல்லி நிர்பயா நினைவாகப் பெயர் வைத்த, சுமார் 500 கிராம் எடையுள்ள .32 ரிவால்வர். அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அவ்வளவு பணம் கொடுப்பவர் பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது.

முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி வைத்தபடி, சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி கடைசிப் படியில் நிற்பதற்குள் கொண்டி 'டிக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் டைமிங் பின்தங்குகிறது என்று அர்த்தம். மெதுவாகச் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது. சட்டென இழுத்தால் சுழலும் வேகமே சிலிண்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், குறை மறைந்துபோகும். ஒவ்வொரு அறைக்கும் தனிப் பல் என்பதால் ஆறையும் பார்க்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஆறாவது ஏமாற்றலாம். பழைய கோல்ட், வெப்லி வகைகளில் விசையைக் கடைசிவரை அழுத்தினால்தான் பூட்டு முழுதாக இறுகும். அவற்றை அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும்.

அடுத்து ஆட்டம். சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கி, விசையை விடாமல் அழுத்தியபடியே சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இழையளவு அசைவு பல ரிவால்வர்களில் இயல்பு, கடகடவென்று ஆடினால் வேண்டாம். முன்பின் அசைவு ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, மெக்கானிக்குகள் வால்வுக்கு வைத்துப் பார்க்கும் ஃபீலர் கேஜால் அளக்கலாம். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கடைசியாக, சுத்தியை ஏற்றிவைத்துப் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். அது தானாக விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே கூடாது.

குறை தெரிந்தால் நீங்களே அரம் எடுத்து ராவ வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள். ஆறு அறையும் சரி என்று உங்கள் கையாலேயே பார்க்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

(தொடரும்)