அடிஷாம் பங்களாவுக்கு ஒரு நாள் பயணம்

எமது தோட்டக் குடும்பங்கள் சுற்றுலா என்றால் கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், அவ்வளவுதான். கினிகத்தேனையில் இருந்து அது கிட்ட, செலவும் குறைவு. அதில் பிழை ஒன்றும் இல்லை. 1821இல் தொடங்கிய பேராதனைத் தோட்டத்தைப் பத்துத் தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் சென்ற வருடம் ஒரு போயா நாளில் நாங்கள் மறுபக்கம் திரும்பி, அப்புத்தளையில் உள்ள அடிஷாம் பங்களாவைப் பார்க்கப் போனோம். போயா என்றபடியால் யாருக்கும் பேர் போகவில்லை.

"பங்களா பார்க்க எதுக்குங்க சார் அவ்வளவு தூரம்? நம்ம தோட்டத்துலயே ஒண்ணு இருக்கே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்துப் பங்களாவை நாம் கேட்டுக்கு வெளியே நின்றுதானே பார்த்திருக்கிறோம்? உள்ளே போய் வந்தவர்கள் அப்புவும் தோட்டக்காரரும்தான். அடிஷாமில் முன்வாசலாலேயே போகலாம்.

விடியற்காலை நாலு மணிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பிறகு சீதா எலிய கோயிலில் ஒரு கும்பிடு. ஹக்கலைப் பூந்தோட்டத்தை வேனில் இருந்தே காட்டினோம். 1861இல் அது காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம். வெலிமடை தாண்டி அப்புத்தளை போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கினிகத்தேனைப் பிள்ளைகளுக்கு வெயிலே பெரிய காட்சி!

இனி பங்களாவின் கதை. இதைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் அடிஷாம் என்ற கிராமத்தில் பிறந்தவர். அந்தப் பெயரைத்தான் வீட்டுக்கும் வைத்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் லோர்ட் ஜோன் ரஸ்ஸல், இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இரண்டு முறை இருந்தவர். வில்லியர்ஸ் 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்ட வேலை பழகி, பின்னர் கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார்.

அந்தக் கம்பனி ஓர் ஏஜென்சி. ஏஜென்சி என்றால் என்ன? தோட்டத்தின் சொந்தக்காரர் பலர் சீமையில் இருந்தார்கள். அவர்களுக்காக இங்கே துரையை நியமிப்பது, சாமான் அனுப்புவது, கணக்குப் பார்ப்பது, தேயிலையை விற்றுக் கொடுப்பது எல்லாம் ஏஜென்சியின் வேலை. அதற்குக் கமிஷன் உண்டு. கொழுந்து பறித்த கைக்கும் அந்தக் கமிஷனுக்கும் உள்ள சம்பந்தத்தை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை 1927இல் தொடங்கி 1931இல் முடிந்தது. கென்றில் உள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் கட்டினார்கள். கொத்திச் செதுக்கிய கருங்கல் சுவர், ஒடுக்கமான நீள ஜன்னல்கள், உயர்ந்த புகைபோக்கிகள். கதவு, தரை, மாடிப்படி எல்லாம் பர்மாத் தேக்கு. அதே 1927இல்தான் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தது. 1929இல் உயர் மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தேக்குத் தரையில் நடந்து பாருங்கள்.

பார்வையாளருக்குத் திறந்திருப்பது வரவேற்பறையும் நூலகமும்தான். பழைய தளபாடங்களும் புத்தகங்களும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அறையைக் காலடியால் அளந்துவிட்டு, "இதுக்குள்ள நம்ம காம்பரா எத்தனை அடங்கும்?" என்று கேட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்த பிள்ளை, வேறு எதைக் கேட்பான்?

எங்களோடு வந்த பென்ஷன் வாங்கிய அம்மா ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் சின்ன வயதில் பங்களாப் பக்கம் போகும்போது செருப்பும் போடக்கூடாது, குடையும் விரிக்கக்கூடாதாம். "வாங்க அம்மா, இப்ப துரை இல்லை" என்று கூப்பிட்டும் வரவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு கல்லையும் யாரு தூக்கியாந்தாங்க?" என்றார். நாங்கள் வில்லியர்ஸ் பெயரைச் சொன்னோம். "அவரா தூக்குனாரு?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

துரை இல்லை என்றது உண்மைதான். 1960களில் இந்த வீடு பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாகிவிட்டது. பூப்பாத்திகளும் புல்வெளியும் பழ மரங்களும் அவர்கள் பராமரிப்பில் உள்ளன. ஸ்ட்ரோபெரி ஜாம், கொய்யா ஜெலி செய்து அங்கேயே விற்கிறார்கள். எங்கள் பெண்கள் ஜாமைவிடத் தோட்டத்தைத்தான் கூர்ந்து பார்த்தார்கள். சரிவிலே மண் கழுவிப் போகாமல் கல் அடுக்கிப் பாத்தி கட்டியிருப்பதைக் காட்டி, லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திக்கும் இப்படிச் செய்யலாமே என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் காட்டின் பெயர் தங்கமலை, 1938இல் இருந்து பறவைகள் சரணாலயம். நல்ல தமிழ்ப் பெயர்!

போக விரும்புவோர் கவனிக்க: சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில்தான் ஆட்களை விடுவது வழக்கம். நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். மடம் என்பதால் சத்தம் போடக்கூடாது, அறைகளுக்குள் போட்டோ எடுக்கக்கூடாது. டவுனில் இருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர், நடக்கலாம். பின்னேரம் பனி மூடிவிடும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.

இரவு ஒன்பதரைக்கு கினிகத்தேனையில் இறங்கினோம். மழை காத்திருந்தது. அடுத்த பயணத்துக்குப் பெயர் பதிவது பிள்ளைமடுவத்தில் நடக்கிறது. முதல் பெயர் அந்த அம்மாவுடையது. இந்த முறை உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.